தரம் பதினொன்றோடு நின்றுபோகும் ஓட்டம்

இம்முறை எமது கல்லூரியின் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான 200 மீற்றர் ஓட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மூன்று தெரிவோட்டம் வைக்க வேண்டி வந்தது. பதினெட்டு வயதுப் பிரிவில் நான்கு பேர். அவர்களில் ஒருத்தி, இல்லத்துக்கு ஒரு புள்ளியாவது கிடைக்கட்டும் என்று பாதித் தூரத்தை நடந்தே முடித்தாள். இருபது வயதுப் பிரிவில் ஆளே இல்லை என்று அந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு பிரிவுக்கும் உரிய உயர்தர மாணவியரான நாங்கள் கூடாரத்துக்குள் கதிரை போட்டிருந்து புள்ளி எழுதினோம். விருந்தினருக்குக் குளிர்பானம் கொடுத்தோம். சின்னப் பிள்ளைகளின் இலக்க அட்டைக்கு ஊசி குத்திவிட்டோம்.

பதினைந்து வயது வரை நானும் 200 மீற்றர் ஓடியவள்தான். வலய மட்டத்தில் முதலாம் இடம் வந்து மாகாணப் போட்டிக்குத் தெரிவானேன். அந்த வருடம் மாகாணப் போட்டி வேறு மாவட்டத்தில் நடந்தது. இரண்டு இரவு அங்கே தங்க வேண்டும். பிள்ளைகளோடு கூடத் தங்குவதற்கு ஓர் ஆசிரியை கிடைக்கவில்லை. தாய்மாரில் ஒருவரும் முன்வரவில்லை. உம்மாவின் கையில் அப்போது தம்பி பால்குடிப் பிள்ளை. பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு முதல்நாள் என் பெயர் வெட்டப்பட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, ஏசவுமில்லை. எல்லோரும் "பாவம் பிள்ளை" என்றுதான் சொன்னார்கள். அதற்கடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சை வந்தது. அதன்பிறகு உயர்தரம். சப்பாத்து தங்கச்சிக்குப் போய்விட்டது.

என் கதையைச் சொல்லி அனுதாபம் தேடுவதற்காக இதை எழுதவில்லை. எமது வகுப்பில் இப்படி ஓடி, எறிந்து, பாய்ந்து நின்றுபோனவர்கள் ஏழு பேர் இருக்கிறோம். ஏழு பேரும் சொல்லும் காரணம் வேறு வேறு. ஆனால் கிண்டிப் பார்த்தால் அடியில் ஒரே காரணம்தான் கிடைக்கிறது. அதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை உதவியாக இருந்தது.

பொது அறிவுப் போட்டியில் நாமெல்லாம் மனனம் செய்த கேள்வி இது: ஒலிம்பிக் பதக்கம் பெற்ற இலங்கையர் யாவர்? விடை: 1948 இல் லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளி வென்ற டங்கன் வைட், 2000 இல் சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் வென்ற சுசந்திகா ஜயசிங்க. இருவருக்கும் இடையில் 52 வருடங்கள். சுசந்திகாவுக்குப் பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை வேறு யாருமில்லை. ஒரு புள்ளிக் கேள்வி அத்தோடு முடிந்துவிடும். அந்தப் பெண் எப்படி அங்கே போனாள், போய் வந்த பிறகு என்னவானாள் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

சுசந்திகா 1975 டிசம்பரில் பிறந்தவர். கேகாலை மாவட்டத்தில் வரக்காபொலைப் பக்கத்துக் கிராமம். வசதியில்லாத குடும்பம். 1997 இல் ஏதென்ஸ் நகரில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றரை 22.39 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவருக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தவர் யார் தெரியுமா? ஜமைக்காவின் மெர்லின் ஒட்டி. அந்தக் காலத்தில் குறுந்தூர ஓட்டத்தின் அரசி என்று சொல்லத்தக்கவர். அவரைச் செக்கனில் நூறில் ஒரு பங்கால் முந்தினார் எங்கள் நாட்டுக் கிராமத்துப் பெண்.

அடுத்த வருடம் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கல் வந்து தடை விதிக்கப்பட்டது. பின்னர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். விளையாட்டுத்துறையில் அதிகாரத்தில் இருந்தவர்களால் தனக்குத் தொல்லை நேர்ந்தது என்று அவரே பகிரங்கமாகச் சொன்னார். அன்றைய இலங்கையில் ஒரு பெண் அப்படி வாய் திறப்பது லேசான காரியமல்ல. பெற்றோர் இந்த வரியை வாசித்து "பார்த்தியா, இதுக்குத்தான் சொல்றது" என்று நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

2000 செப்டெம்பர் 28. சிட்னி. அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில் முதலாவது. பஹாமாஸின் பவுலின் டேவிஸ் 22.27 செக்கன். சுசந்திகா 22.28. மூன்றாம் இடம், வெண்கலப் பதக்கம். நாடே கொண்டாடியது. ஏழு வருடங்கள் கழித்து, தான் ஊக்கமருந்து பாவித்ததை மரியன் ஜோன்ஸ் ஒப்புக்கொண்டார். அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஆனால் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது 2009 டிசம்பரில்தான். அதாவது, நியாயமாக ஓடிய ஒரு பெண் தன் சரியான பதக்கத்துக்கு ஒன்பது வருடம் காத்திருந்தாள். மேடை, கொடி, கைதட்டல் எல்லாம் ஒருமுறைதான் வரும். அவை வெண்கலத்துக்கு வந்து முடிந்துவிட்டன.

இன்னொன்றும் நடந்தது. 2017 இல் சுசந்திகா தனது ஒலிம்பிக் பதக்கத்தை விற்கப் போவதாக அறிவித்தார். தனக்குக் கிடைக்க வேண்டிய மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கவில்லை, வாழ வழியில்லை என்றார். ஒரு நாட்டுக்கு இருப்பதே இரண்டு பதக்கம். அதில் ஒன்றை வைத்திருப்பவர் அதை விற்கிறேன் என்று சொல்லும் நிலை. அந்தச் செய்தியை நான் பழைய பத்திரிகை ஒன்றில்தான் வாசித்தேன். உம்மா பார்சல் சுற்றுவதற்காகக் கடையிலிருந்து வாங்கி வந்த பத்திரிகை அது.

இந்த வாழ்க்கையிலிருந்து எமது பெற்றோர் எடுக்கும் பாடம் "விளையாட்டுச் சோறு போடாது" என்பது. நான் எடுப்பது வேறு. அவளுடைய கால்கள் அவளைக் கைவிடவே இல்லை. 2007 இல், 31 வயதில், ஜப்பானின் ஒசாகாவில் நடந்த உலகப் போட்டியில் மீண்டும் 200 மீற்றரில் வெண்கலம் வென்றாள். கைவிட்டவர்கள் சுற்றி நின்றவர்கள். எந்த வீராங்கனையின் கதையிலும் ஓடுவது ஒரு பங்கு என்றால், ஓட வைப்பதற்குக் கூட நிற்பவர்கள் மூன்று பங்கு. எமது வகுப்பின் ஏழு பேரும் நின்றுபோனதற்கு அடியில் கிடந்த காரணம் இதுதான். கூட நிற்க ஆளில்லை.

"அதில்லை, உடுப்புத்தான் பிரச்சினை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எமது சமூகத்துக்கு வெளியே இருப்பவர்கள் இதை அதிகம் சொல்கிறார்கள். உள்ளே இருப்பவர்களும் சொல்கிறார்கள். அவர்களுக்கு சுசந்திகாவின் கதையிலிருந்தே ஒரு பதில் உண்டு. 2006 இல் கத்தார் நாட்டின் டோஹாவில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. 100 மீற்றரில் சுசந்திகா வெள்ளி. வெண்கலம் பெற்றவர் பஹ்ரைனைச் சேர்ந்த ருகையா அல் கஸ்ரா. தலையை மூடி, கை கால் மூடி ஓடுபவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் அப்படித்தான் ஓடினார். டோஹாவில் 200 மீற்றர் வந்தது. அது சுசந்திகாவின் சொந்த ஓட்டம், ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஓட்டம். அதில் ருகையா தங்கம் வென்றார். சுசந்திகாவுக்கு வெண்கலம். இலங்கைப் பெண்ணாக எனக்குக் கொஞ்சம் கவலைதான். முஸ்லிம் பெண்ணாகச் சிரிப்பும் வந்தது. ஹிஜாப் ஒருவரின் வேகத்தைக் குறைக்குமா என்ற கேள்வி அந்தப் பாதையில் 2006 இலேயே முடிந்துவிட்டது.

மார்க்கம் தடுக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்த சம்பவத்தை மௌலவி ஆசிரியர் எமக்குத் தரம் எட்டிலேயே கற்பித்துவிட்டார். முதல்முறை அன்னையவர்கள் முந்தினார்கள், பின்னொரு காலத்தில் நபியவர்கள் முந்தினார்கள். ஆகவே நான் இதற்கு மேல் இந்தப் பக்கத்தில் வாதாடப் போவதில்லை. ஒழுக்கம், ஒதுக்கம், உடை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே ஓடலாம். அதற்கு மூடிய மைதானமும் பெண் பயிற்றுநரும் வேண்டும். அவை இல்லாததற்கு மார்க்கம் பொறுப்பல்ல.

இப்போது உங்களைக் கொஞ்சம் தூரமாக, நாம் யாரும் கண்ணால் காணாத ஒரு விளையாட்டுக்குக் கூட்டிப் போகிறேன். காரணம், அதில் வென்ற பெண்ணுக்கு அப்போது என் வயது. பனிச்சறுக்குப் பலகை. எமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வயல் வரம்பில் காலை நனைப்பது. அங்கே மலை முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் உறைந்திருப்பது போல வெள்ளையாகக் கிடக்கும். அதில், ஒரு பெரிய குழாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து வைத்தது போல ஒரு பள்ளம் வெட்டுவார்கள். இரண்டு பக்கச் சுவரும் 22 அடி உயரம். இரண்டு மாடி வீட்டை விட உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதங்களையும் ஒரு பலகையில் பூட்டிக்கொண்டு ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சறுக்கி, ஒவ்வொரு சுவரின் மேலும் ஆகாயத்தில் எழும்பிச் சுழன்று இறங்க வேண்டும்.

2018 இல் தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இதில் தங்கம் வென்றவர் குளோயி கிம். அமெரிக்காவில் பிறந்தவர், பெற்றோர் கொரியர். வயது 17. நூற்றுக்கு 98.25 புள்ளி. அதுவும் மூன்றாவது, கடைசிச் சுற்றில் எடுத்தது. அந்தச் சுற்று தொடங்குமுன்னரே தங்கம் அவருக்கு உறுதியாகிவிட்டது, சும்மா சறுக்கி வந்திருந்தாலும் போதும். ஆனால் அவர் ஆகாயத்தில் மூன்று முழுச் சுழற்சியும், இறங்கி எழும்பி மறுபடியும் மூன்று முழுச் சுழற்சியும் செய்துவிட்டு வந்தார். போட்டிக்கு இடையில், காலையில் சான்ட்விச்சை முழுக்கச் சாப்பிடாமல் வந்துவிட்டேன், பசி கோபமாக வருகிறது என்று கைப்பேசியில் எழுதிப் போட்டாராம். இந்த ஒரு விசயத்துக்காகவே எமது வகுப்பில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அவருடைய தந்தையைப் பற்றி. மகளுக்குத் திறமை இருக்கிறது என்று கண்டதும் அவர் தனது பொறியியலாளர் வேலையை விட்டார். நடு இரவில் எழும்பி, நித்திரையில் கிடக்கும் பிள்ளையைக் காரில் ஏற்றி, ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டி மலைக்குக் கொண்டுபோவார். பிள்ளை அங்கே போய்த்தான் கண் விழிக்கும். 13 வயதில் 2014 ஒலிம்பிக்குக்குப் போகும் அளவுக்குத் தேர்ச்சி இருந்தும் வயது போதாது என்று குளோயியை விடவில்லை. தந்தை காரை நிறுத்தவில்லை. அடுத்த நான்கு வருடமும் ஓட்டினார்.

குளோயியின் வாழ்க்கை அத்தோடு சுபமாக முடியவும் இல்லை. அந்தத் தங்கப் பதக்கத்தைப் பெற்றோர் வீட்டுக் குப்பைக் கூடையில் போட்டேன் என்று அவரே பின்னர் சொன்னார். புகழின் சுமை தாங்க முடியவில்லை. ஆசிய முகம் என்பதற்காக வந்த வெறுப்புச் செய்திகள் வேறு. கணுக்கால் முறிந்தது. விளையாட்டை விட்டு விலகி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். யாரும் அவரை "முடிந்துபோனவள்" என்று எழுதி வைக்கவில்லை. திரும்பி வந்து 2022 இல் பெய்ஜிங்கில் இரண்டாவது தங்கம் வென்றார். படிப்புக்காக நிறுத்தலாம், நிறுத்திய பிறகு திரும்பி வரலாம் என்பதை நான் அவரிடமிருந்துதான் அறிந்தேன். எமக்கோ தரம் பதினொன்றில் மூடும் கதவு மூடினால் மூடியதுதான்.

பனி விளையாட்டிலும் ஹிஜாப் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய அரபு இராச்சியத்தின் ஸஹ்ரா லாரி பனித்தரையில் சறுக்கி நடனமாடும் வீராங்கனை. 2012 இல் இத்தாலியில் தலை மூடிப் போட்டியிட்டபோது அதற்காகப் புள்ளி வெட்டினார்கள். அவர் விடாமல் எடுத்துச் சொன்னார். பிறகு விதியே மாறியது.

இனிப் பெற்றோரின் பயத்துக்கு வருகிறேன். சுசந்திகா பகிரங்கமாகச் சொன்னதை வைத்துப் பார்த்தால், அந்தப் பயம் பொய்யல்ல. வெளியூரில் தங்கும் பெண் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று உம்மா கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எமது குடும்பங்கள் 1990 இல் வீட்டுத் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்து பிள்ளை வளர்த்து, போர் முடிந்த பிறகு காடாகிக் கிடந்த காணிக்குத் திரும்பி வந்தவை. அப்படிப்பட்டவர்களிடம் "பயப்படாதீர்கள்" என்று பதினேழு வயதில் நான் சொல்வது அழகில்லை. என் உம்மம்மா எதையும் தூரம் அனுப்பமாட்டார், கோழியைக்கூட.

ஆனால் பயத்துக்கு இரண்டு விடை உண்டு. ஒன்று, பிள்ளையை நிறுத்துவது. மற்றது, பிள்ளையோடு ஒருவர் போவது. நாம் எப்போதும் முதலாவதையே தெரிவுசெய்கிறோம், ஏனென்றால் அதற்குச் செலவில்லை. ரியூசனுக்கு இப்படி நாம் செய்வதில்லையே! மஃரிபுக்குப் பிறகு முடியும் இரசாயனவியல் வகுப்பு வாசலில் எத்தனை வாப்பாமார் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார்கள். மழையிலும் நிற்கிறார்கள். அவர்களுக்கு நிற்கத் தெரியாமல் இல்லை. மைதானத்து வாசலிலும் நிற்கலாம் என்பது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"கறுத்துப் போவாய்", "கலியாணம் பேசி வரும்போது ஓட்டக்காரி என்று சொல்வார்கள்" என்பவற்றுக்குப் பதில் எழுதிப் பக்கத்தை வீணாக்க விரும்பவில்லை.

"விளையாட்டால் என்ன பயன்" என்று கேட்பவர்களுக்கு மட்டும் சில தகவல்கள். பல்கலைக்கழக அனுமதியில், தேசிய மட்டத்தில் விளையாட்டில் சாதித்து உயர்தரமும் சித்தியடைந்தவர்களுக்கென ஒரு சிறு விசேட ஒதுக்கீடு இருக்கிறது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. தேசிய கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்விப் பாடநெறி இருக்கிறது. எமது பகுதிப் பெண்கள் பாடசாலைகளுக்குப் பெண் உடற்கல்வி ஆசிரியை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோரும் புலம்புகிறோம். எங்கிருந்து கிடைக்கும்? ஓடக்கூடிய பிள்ளைகளையெல்லாம் பதினாறில் கூடாரத்துக்குள் இருத்திவிட்டு, ஆசிரியை வானத்திலிருந்து வருவார் என்றா எதிர்பார்ப்பது? அன்று மாகாணப் போட்டிக்கு எங்களோடு தங்க ஓர் ஆசிரியை இல்லாமல் போனதும் இதனால்தான். பத்து வருடத்துக்கு முன்பு யாரோ ஒருத்தி நின்றுபோயிருக்கிறாள்.

வன்னியில் முடியாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022 இல் பாகிஸ்தானில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் தங்கம் வென்று வந்தார். அதைவிட என்னை வெட்கப்பட வைத்தவர் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா. ஓய்வுபெற்ற சிறைச்சாலை அலுவலர். 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 72. அவருடைய படம் பத்திரிகையில் வந்த அன்று எமது வகுப்பில் ஒருத்தி, "எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது" என்று சொன்னாள். அவளுக்குப் பதினேழு. நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு, அடுத்த பாடத்துக்கு மாடியேறினோம், மூச்சு வாங்கத்தான் செய்தது.

கல்லூரியிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. செயற்கை ஓட்டப்பாதை கேட்கவில்லை. உயர்தர மாணவியருக்கும் நேரசூசியில் வாரத்தில் இரண்டு பாடவேளை மைதானத்துக்கு ஒதுக்க வேண்டும். இப்போது எழுதப்பட்டிருக்கும் அந்தப் பாடவேளைகள் "மேலதிக வகுப்பு" ஆகிவிடாமல் இருக்க வேண்டும். மைதானத்தின் வீதிப் பக்கத்துக்குத் தகரம் அடித்து மறைக்க வேண்டும், அப்போது பாதிப் பெற்றோரின் ஆட்சேபனை தீர்ந்துவிடும். வெளி மாவட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளோடு போய்த் தங்கக்கூடிய தாய்மார் நான்கு பேரின் பெயரை வருட ஆரம்பத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நான்கு பேர்தான். பழைய மாணவியர் சங்கம் அவர்களுடைய பிரயாணச் செலவைப் பொறுப்பேற்கலாம். ஒரு வருடப் பிரியாணி விருந்தை விட அது குறைவாகத்தான் வரும். சங்கத்தார் மன்னிக்கவும், பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

தோழியரே, எம்மிடமும் பிழை இருக்கிறது. கூடாரத்துக்குள் இருந்து புள்ளி எழுதுவது லேசாக இருந்தது என்று எனக்குத் தெரியும். வெயிலில்லை, தோற்பதுமில்லை. என் பெயரை வெட்டியபோது எனக்கு அழுகை வந்தது உண்மை. அதற்குள் ஒரு மூலையில் "அப்பாடா" என்று இருந்ததும் உண்மை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒருவரும் கூட நிற்கவில்லை என்று மற்றவர்களைச் சொல்லும் நான், கேட்டேனா? வாப்பாவிடம் ஒருமுறையாவது "என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வாப்பா முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். விடிய ஆறரைக்கு மற்றவர்களின் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றத் தொடங்கினால் இரவு ரியூசன் முடியும் வரை ஓட்டம்தான். இந்தக் கட்டுரையை இதழாசிரியரிடம் கொடுக்கும் முன் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முற்றத்து வெளிச்சத்தில் இருந்து முழுவதையும் வாசித்தார். சிட்னி வரும் இடத்தில், "நானும் ரேடியோவில கேட்டனான், அப்ப புத்தளத்தில இருந்தம்" என்றார். குளோயியின் தந்தை வரும் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. முடித்துவிட்டுத் தாளை மடித்துத் தந்தார்.

பிறகு, "சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எனக்கு நேரமிருக்கு மகள். மைதானத் திறப்பு ஆரிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

காவலாளியிடம். காவலாளி ஏழு மணிக்குத்தான் வருவார். அதிபருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.